கண்மட்டம் நூற்று ஐம்பத்தெட்டு

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஓட்டுநர் அந்தப் படத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு அதை வரைந்தவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சின்னவள் தாங்கிக்கொண்டிருப்பாள். இருந்தது நம்பிக்கை.

வீட்டுக்கு அவள் சின்னவள். அந்தச் சரக்குக் கிடங்குக்கு வரைபடக்காரி. எந்த அடுக்கு எங்கே நிற்க வேண்டும், எந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பலாம், தீப்பிடித்தால் எந்தக் கதவு என்பதையெல்லாம் கணினியில் வரைந்து, அச்செடுத்து, சுவரில் ஒட்டுவது அவள் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு முடிந்தால்தான் நிரந்தரம். பெரிய படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு சாயங்கால வகுப்பில் வெக்டர் மென்பொருள் கற்றுக்கொண்டாள். அதில் போட்ட கோட்டைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் சுவர் அளவுக்கு இழுத்தாலும் பிசிறடிக்காது. அந்தக் குணம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கோடு பிசகினால் சாப்பாடு இறங்காத பிள்ளை அவள். அவளுடைய அக்கா தையல்காரி. அக்கா அளவெடுத்து எண்ணைச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதித்தான் சின்னவள் எண்களையே எழுதப் பழகினாள்.

ஆறு நாளுக்கு முன்னால் கிடங்கின் ஏழாம் மூலையில் ஒரு விபத்து நடந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று மூலையில் திரும்பும்போது, அட்டைப்பெட்டி அடுக்குக்கு அந்தப் பக்கம் தூணில் சாய்ந்து சீட்டைப் படித்துக்கொண்டிருந்த பேக்கிங்காரர்மேல் மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது. வண்டியை ஓட்டியவர் இருபது வருடம் அதே வேலை பார்த்தவர். ஆள் பெரிய உடம்பு. கிடங்கில் அவரை எல்லோரும் 'சாய்மானம்' என்று கூப்பிடுவார்கள். இருக்கையில் அவர் உட்கார மாட்டார், மாவு மாதிரி ஊற்றப்படுவார் என்பது அங்கே பழைய கேலி.

பிரச்சினை ஒரே கேள்வியில் வந்து நின்றது. திரும்புவதற்கு முன்னால் ஓட்டுநருக்கு அந்த ஆள் தெரிந்திருப்பாரா, மாட்டாரா? தெரிந்திருப்பார் என்றால் அது ஓட்டுநரின் கவனக்குறைவு. வேலை போகும், ஓட்டும் அனுமதியும் போகும், வேறு எந்தக் கிடங்கும் சேர்க்காது. தெரிந்திருக்க மாட்டார் என்றால், மூன்று பெட்டிக்கு மேல் அடுக்கக்கூடாத மூலையில் நான்கு பெட்டி அடுக்கச் சொன்னது யார் என்ற கேள்வி எழும். சொன்னவர் ஷிஃப்ட் மேலாளர். அது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

கேமரா எதிர்ப்பக்கத்தில் இருந்தது. பேக்கிங்காரரின் தலைக்கவச உச்சி, தூணில் வரைந்திருக்கும் அளவுப் பட்டையில் நூற்று அறுபது சென்டிமீட்டரில் நின்றது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஓட்டுநர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பது கேமராவுக்குத் தெரியாது. அதனால்தான் மேலாளர் சின்னவளிடம் வந்தார்.

"ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தா எப்படி இருக்குமோ, அப்படியே வரைஞ்சு குடும்மா. நீதான் பெர்ஸ்பெக்டிவ் எல்லாம் போடுவியே."

அவள் போட்டாள். மூலையைப் பார்த்தபடி நிற்கும் பெட்டி அடுக்குக்கு இரு புள்ளிப் பெர்ஸ்பெக்டிவ்தான் சரி. குறுக்கே ஒரு கண்மட்டக் கோடு. அதன் இரு கோடியிலும் இரண்டு மறைபுள்ளிகள். பெட்டிகளின் இடப்பக்க விளிம்பெல்லாம் இடது புள்ளிக்கு ஓடும், வலப்பக்க விளிம்பெல்லாம் வலது புள்ளிக்கு ஓடும்; நெட்டுக்கோடுகள் மட்டும் நேராக நிற்கும். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு புள்ளி எங்கம்மா?" என்றார். "தாளுக்கு வெளியே இருக்கு சார்." "தாளுக்கு வெளியே இருக்கறத யார் பார்க்கப்போறா, விடு" என்று சிரித்தார்.

எல்லாம் கண்மட்டக் கோட்டில்தான் இருக்கிறது. அந்தக் கோட்டின் உயரம் ஓட்டுநரின் கண் உயரம். அதற்காக, பூட்டி வைத்திருந்த அதே வண்டியில் அவரை உட்காரவைத்து, மேலாளரும் இன்னும் நான்கு பேரும் சுற்றி நிற்க, சின்னவளே நாடாவால் அளந்தாள். நூற்று அறுபத்தாறு. அடுக்கு நூற்று அறுபது. கண்ணிலிருந்து அடுக்கு மூன்று மீட்டர், ஆள் நாலரை மீட்டர். வரைந்து முடித்தபோது, பெட்டிகளின் மேற்பரப்பு மெல்லிய கீற்றாகத் தெரிந்தது. அதன்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன கிளிப் அட்டைகூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால், மூன்று சென்டிமீட்டருக்கு, மஞ்சள் தலைக்கவசமும் தெரிந்தது.

அந்தப் படத்தில்தான் ஓட்டுநர் இப்போது கையெழுத்துப் போட வேண்டும். மணி பதினொன்று. விசாரணை மூன்று மணிக்கு.

"மேல ஒரு அட்டை கிடக்கே தங்கச்சி, இது அன்னைக்கு இருந்துச்சா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இருந்துச்சுண்ணே. அன்னைக்கு எடுத்த போட்டோவுல இருக்கு."

"அப்படியா. நான் பார்த்த ஞாபகமே இல்லையே."

"அட்டையையும் பார்க்கல, ஆளையும் பார்க்கல" என்றார் மேலாளர். "தூங்கிட்டே ஓட்டினா எதுதான் தெரியும்? போடுய்யா கையெழுத்த."

ஓட்டுநர் பேனாவைத் திறந்தார். "இந்தப் பிள்ளை அளந்து வரைஞ்சது. தப்பா இருக்காது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அப்ப என் கண்ணு முன்னாடிதான் அவன் நின்னிருக்கான். நான்தான் பார்க்காம விட்டிருக்கேன்." கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

வெளியே, சின்னவளின் மேசைக்கு நேர் எதிரே, கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் ஒரு பெஞ்சு. ஓட்டுநர் அதில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது அவர் கண், மூக்கு எல்லாம் ஜன்னல் விளிம்புக்கு மேலே தெரிந்தன. சின்னவள் கோப்பை மூடப் போனாள். ஏனோ மறுபடி நிமிர்ந்தாள். மூக்கு மறைந்திருந்தது. பிறகு கண் மறைந்தது. ஒரு பெருமூச்சு விட்டிருப்பார் போல, புருவமும் இறங்கியது. கடைசியில் ஜன்னல் விளிம்புக்கு மேலே நரைத்த முடி மட்டும் மிஞ்சியது.

சின்னவள் கோப்பை மூடவில்லை.

அளக்கும்போது அவர் எப்படி உட்கார்ந்திருந்தார்? போட்டோவுக்கு உட்கார்வதுபோல. தாடையைத் தூக்கி, முதுகை விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. சுற்றி ஐந்து பேர் நிற்கிறார்கள், மேலாளர் நிற்கிறார். எந்த மனிதன்தான் சரிந்து உட்காருவான்? அக்காவின் கடையில் இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். நாடா மேலே பட்டதும் தொந்தி உள்ளே போகும், தோள் மேலே போகும். சாய்மானம் என்று ஊரே கூப்பிடும் ஆளை நிமிர்த்தி வைத்து அளந்திருக்கிறாள். மேலாளர் செய்த சூழ்ச்சி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நாடா அவள் கையில்தான் இருந்தது.

கழிப்பறைக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டாள். பின்னால் தையல் இயந்திரச் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒருத்தர் விறைப்பா உட்கார்ந்தா எவ்வளவு கூடும்?"

"ஆளைப் பொறுத்தது. சிலருக்கு அரை அங்குலம். உடம்பு போட்டவங்களுக்கு மூணு அங்குலம்கூடப் போகும். என்னடி, வேலை நேரத்துல?"

"தப்பா அளந்துட்டேங்க்கா. அதனால ஒருத்தருக்கு வேலை போகப்போகுது."

இயந்திரச் சத்தம் நின்றது. "திரும்ப அளந்தா என்ன?"

"இப்ப அளந்தா வேணும்னே இன்னும் சரிஞ்சு உட்கார்ந்தார்னு சொல்வாங்க. யாரும் நம்ப மாட்டாங்க."

"அப்ப ஆளை விடு. பழைய சட்டையை அள. சட்டை நடிக்காது." அக்கா கொஞ்சம் நிறுத்தி, "அழுதியா?" என்றாள்.

"இல்ல."

"அழுதுட்டு அளக்காத. எண்ணு தப்பாத் தெரியும். மூஞ்சியக் கழுவு."

சின்னவள் முகத்தைக் கழுவினாள். பழைய சட்டை. அந்த மனிதரின் உடம்புக்குப் பழகிப்போன ஏதாவது ஒன்று. இரண்டு வருடமாக அந்த வண்டி அவர் ஒருவர் கையில்தான் இருந்தது. விபத்து நடந்த நிமிடமே சாவியை எடுத்து, வண்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். அளக்க ஏறியபோதும் எதையும் தொடக்கூடாது என்று மேலாளரே சொல்லியிருந்தார். அப்படியென்றால் எல்லாம் அவர் விட்டது விட்டபடிதான் இருக்கிறது. இருக்கை, சக்கரம், கூரையில் மாட்டிய சின்னக் கண்ணாடி.

கண்ணாடி!

அவள் ஓடினாள். வண்டி நின்ற கொட்டகையின் காவலரம்மா எழுந்து குறுக்கே நின்றாள்.

"யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

"தொட மாட்டேங்க்கா. உட்காருவேன். நீங்க கூடவே நின்னு பாருங்க, அளவு நாடாவ நீங்களே பிடிங்க."

"நாடாவ நான் பிடிச்சா என் தலையும்ல உருளும்."

"தப்பா அளந்தாத்தான் உருளும்."

காவலரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிவப்பு நாடாவைத் தூக்கிப் பிடித்தாள்.

பின்னால் வருவது தெரியவேண்டும் என்று ஒவ்வொரு ஓட்டுநரும் அந்தக் கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பி முடுக்கி வைத்துக்கொள்வார். வண்டியின் பின்புற இரும்புக்கட்டிமேல் வெள்ளைப் பெயின்டில் வண்டி எண் எழுதியிருக்கும். கண் சரியான உயரத்தில் இருந்தால் அந்த எண் கண்ணாடியின் நடுவில் விழும். சின்னவள் இருக்கையின் முதுகுப்பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் குள்ளம், கண்ணாடியில் கட்டியின் மேல் விளிம்பு மட்டும்தான் வந்தது. கொட்டகையில் கிடந்த ஒரு ரப்பர் விரிப்பை மடித்துத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டாள். பாதி எண் வந்தது. இன்னொரு மடிப்பு போட்டாள். எண் முழுசாக, நட்டநடுவில் வந்து நின்றது. அவள் மூச்சை விட்டாள், வேண்டுமென்றே. ஏமாறுவதற்கு ஒரு தடவை போதும்.

"அளங்க அக்கா. தரையிலேர்ந்து கண்ணு ஓரம் வரைக்கும்."

"நூத்தம்பத்தெட்டு."

இறங்கி, விரிப்பை எடுத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி உட்கார்ந்தாள். நூற்று ஐம்பத்தேழரை. மூன்றாவது தடவை, காவலரம்மாவையே உட்காரவைத்துத் தான் அளந்தாள். நூற்று ஐம்பத்தெட்டு.

எட்டு சென்டிமீட்டர். ஒரு கையின் அகலம்கூட இல்லை. ஒரு மனிதரின் இருபது வருடம் அந்த இடைவெளிக்குள் கிடந்தது.

மேசைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டே முக்கால். கோப்பைத் திறந்து கண்மட்டக் கோட்டை எட்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறக்கினாள். அங்கேதான் அந்த மென்பொருளின் பிடிவாதம் இருக்கிறது. கோட்டோடு சேர்ந்த வழிகாட்டிக் கட்டம் இறங்கும், கட்டத்தின்மேல் ஏற்கெனவே வரைந்து வைத்தவை இறங்காது. பழைய கண்ணுக்கு வரைந்த பெட்டிகள் எல்லாம் புதுக் கட்டத்தின்மேல் கோணல்மாணலாக மிதந்தன. அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். இடப்பக்கம் நான்குக்கு மூன்று, வலப்பக்கம் நான்குக்கு ஐந்து. மொத்தம் முப்பத்திரண்டு பெட்டி முகங்கள். பிறகு தூண், அளவுப் பட்டை, ஆள்.

மேலாளர் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"கையெழுத்தான படத்த எதுக்கு நோண்டற?"

"தப்பா வரைஞ்சுட்டேன் சார். கண்மட்டம் தப்பு."

அவர் குரலைத் தாழ்த்தினார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. "இன்னும் ஒரு மாசத்துல உன் நிரந்தரக் காகிதம் என் மேசைக்குத்தான் வரும். தப்பா வரையற பிள்ளைக்கு நான் என்னன்னு எழுதறது?"

சின்னவளின் கை சுட்டியின்மேல் நின்றது. வீட்டில் இருப்பதே இரண்டு சம்பாத்தியம். அதில் ஒன்று இது. பதினேழாவது பெட்டி பாதியில் நின்றது. அதை முடித்தாள். பதினெட்டைத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை.

இரண்டு ஐம்பதுக்கு ஆளின் உருவத்தை அதன் இடத்தில், அதன் அளவில் நிறுத்தினாள். அது பெட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றது. மென்பொருளில் கடைசியாக வரைந்ததுதான் எப்போதும் முன்னால் நிற்கும். இனி அதை அடுக்குக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். ஒரு கட்டளை. தலைக்கவசம் தெரிந்துவிட்டால் முதல் படம் சொன்னதுதான் உண்மை. அதையும் அவள்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அனுப்பினாள்.

பெட்டிகளின் மேற்பரப்பு காணாமல் போயிருந்தது. கிளிப் அட்டை இல்லை. மேல் விளிம்புகள் இரண்டு பக்கமும் புள்ளிகளை நோக்கி லேசாகச் சரிந்தன. ஒரு சென்டிமீட்டர் மிச்சத்தில், தலைக்கவசம் முழுக்கப் பெட்டிக்குப் பின்னால் போயிருந்தது.

விசாரணை அறையில், விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் இரண்டு படத்தையும் அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டும் நான் வரைஞ்சதுதான் மேடம். முதல் படம் தப்பு. தப்பு என்னோடது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தப்ப அளந்துட்டேன்."

"ஆளைக் காப்பாத்தப் படத்த மாத்திட்டா" என்றார் மேலாளர். "வரைபடம்தானே மேடம், எப்படி வேணா வளைக்கலாம்."

ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் சின்னவளைப் பார்த்தார். தான் குற்றவாளி என்று நான்கு மணி நேரமாக நம்பியிருந்த மனிதர் அவர். அதிலிருந்து இறங்கி வரவே பயந்தார்.

"வளைக்கலாம் மேடம்" என்றாள் சின்னவள். "அதனால படத்த நம்ப வேண்டாம். வண்டி கொட்டகையில இருக்கு. கண்ணாடிய யாரும் தொடல. நீங்களே உட்காருங்க. வண்டி நம்பர் கண்ணாடிக்கு நடுவுல வர்ற வரைக்கும் ஏறியோ இறங்கியோ உட்காருங்க. அப்புறம் முன்னாடி பாருங்க. அண்ணன் கண்ணு அங்கதான் இருந்துச்சு."

பெரிய மேடம் பேனாவை மூடினார். "பெட்டிய நாலா அடுக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஏழாம் மூலையில், தரையில் குறித்திருந்த அதே இடத்தில் நிறுத்தினார்கள். நான்கு பெட்டி அடுக்கினார்கள். காவலரம்மா தன் தலைக்கவசத்தை ஒரு கழியில் மாட்டித் தூணருகே நூற்று அறுபதில் பிடித்துக்கொண்டாள். மேடம் நெடுநெடுவென்று வளர்ந்தவர். ஏறி உட்கார்ந்ததும், "தெரியுதே, மஞ்சளாத் தெரியுதே" என்றார். மேலாளர் சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வண்டிக்கு அருகே போனாள்.

"கண்ணாடிய முதல்ல பாருங்க மேடம்."

மேடம் கண்ணாடியைப் பார்த்தார். எண் அதில் இல்லை. கொஞ்சம் சரிந்தார். இன்னும் சரிந்தார். முழங்கால் முன்னால் தள்ளி, தோள் தொங்கி, தன் வாழ்நாளில் அப்படி உட்கார்ந்திருக்கவே மாட்டார் என்று நினைக்கும்படி உட்கார்ந்தார். எண் நடுவில் வந்தது. பிறகு நேரே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தலைக்கவசத்த எடுத்துட்டீங்களா?"

"இங்கதான் மேடம் இருக்கு, கையே வலிக்குது" என்று அந்தப் பக்கத்திலிருந்து காவலரம்மாவின் குரல் வந்தது.

மேடம் அதே சரிந்த நிலையிலிருந்தே கேட்டார்: "இங்க நாலு பெட்டி அடுக்கச் சொன்னது யாரு?"

மேலாளர் பெட்டிகளைப் பார்த்தார். மற்ற எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள்.

ஓட்டுநருக்கு வேலை நிலைத்தது. மேலாளர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். சின்னவளுக்கு நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. கையெழுத்துக்குப் போன படத்தில் தப்பு இருந்தது என்று காரணம் எழுதியிருந்தார்கள். காகிதத்தைப் படித்துவிட்டு, நியாயம்தானே என்றாள் அவள். அக்காவுக்குத்தான் ஆறவில்லை. அவள் அந்த இரண்டாவது படத்தைப் பெரிதாக அச்செடுத்துவரச் சொல்லி, கடையில் அளவெடுக்கும் இடத்துக்கு எதிரே மாட்டிவிட்டாள். பெட்டிப் படத்தை எதற்கு மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பவர்களை அவள் சீக்கிரம் விடுவதில்லை.

அடுத்த வாரம் எல்லா ஓட்டுநர்களின் கண் உயரத்தையும் எழுதி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் ஆளாகச் சாய்மானம்தான் ஏறி உட்கார்ந்தார். நாடாவைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது, தாடை மேலே போனது.

சின்னவள் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "அண்ணே, கால் முறிஞ்சவரைப் பார்க்கப் போனீங்களா?"

"போனேன் தங்கச்சி. என்னப் பார்த்ததும் அவன் சிரிக்கறான். 'யோவ், நீ என்னப் பார்க்கலேன்னு தெரியும், அதுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தா பார்ப்ப?'ங்கறான். எனக்குத்தான் அழுகை வந்துருச்சு..." சொல்லிக்கொண்டே அவர் ஒரு பெருமூச்சு விட்டார். தோள் இறங்கியது, முதுகு சரிந்தது, உடம்பு மெல்ல மெல்ல இருக்கைக்குள் ஊறியது.

சின்னவள் சத்தமில்லாமல் நாடாவை எடுத்தாள்.